'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 47. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தீப்பெட்டி ஆபீசில் (அந்தப் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள்) 19 வருடம் 8 மாதமாக வேலை. ஆரம்பத்தில் கட்டை அடுக்கினார், இப்போது பெட்டி அடைக்கிறார். எண்ணிக்கைக்குக் கூலி, மாதம் 10,400 ரூபாய் போல வங்கியில் விழும். இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டும் 11 வருடமாகப் பிடிக்கிறார்கள். அதற்கு முந்தைய காலத்துக்குப் பதிவு இல்லை. ஆபீசில் மொத்தம் 80 பேர். போன மாதம் முதலாளி 32 பெண்களைக் கூப்பிட்டு, "சைனா லைட்டர் வந்து யாவாரம் படுத்துருச்சு, குடோன்ல பண்டல் அப்படியே நிக்குது" என்று சொல்லி, ஆளுக்கு 40,000 ரூபாய் தருவதாகவும் ஒரு தாளில் கையெழுத்து வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். தாளில் இருப்பது ஒரே வரி: "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்." போடாவிட்டால் ஆபீசையே மூடிவிடுவாராம். நஷ்டத்தில் மூடினால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இதற்கிடையில் சகோதரியின் மகன் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான். வெளிநாட்டுச் சரக்கு வந்து வேலை போனால் அமெரிக்காவில் அரசாங்கமே சம்பளம் கொடுத்து வேறு தொழிலும் சொல்லிக்கொடுக்கிறதாம். "நம்ம அரசாங்கத்திலும் அப்படி ஏதாவது இருக்கா? கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் கிடைக்குமா? அதுவரை 40,000-ஐ வாங்கி வைத்துக்கொள்ளலாமா? பீஸ் ரேட்டுக்கு (எண்ணிக்கைக் கூலிக்கு) கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடையாது என்கிறார்களே?" இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

அமெரிக்காவில் இருந்ததும் இங்கே இருப்பதும்

உங்கள் மகன் பார்த்தது பொய்யில்லை, பழைய கதை. அமெரிக்காவில் 1962-லேயே இப்படி ஒரு திட்டம் தொடங்கி, 1974-ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தில் விரிவானது. மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து மனுப் போட்டால் போதும். தொழிலாளர் துறை விசாரித்து, இறக்குமதிதான் முக்கியக் காரணம் என்று சான்று கொடுத்தால் பயிற்சிச் செலவு, பயிற்சிக் காலத்தில் வாரத் தொகை, வேறு ஊருக்கு வேலைக்குப் போனால் இடமாற்றச் செலவு எல்லாம் கிடைத்தன. 50 வயது தாண்டியவர் குறைந்த சம்பளத்துக்கு வேறு வேலையில் சேர்ந்தால் பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக்கூட ஒரு வரம்பு வரை கொடுத்தார்கள். ஆனால் சட்டத்தின் காலக்கெடு முடிந்துபோனதால் 2022 ஜூலை 1 முதல் அந்தத் துறை புதிய மனுக்களுக்குச் சான்று வழங்குவதை நிறுத்திவிட்டது.

நம் நாட்டில் 'இறக்குமதியால் வேலையிழந்தவர்' என்று ஒரு வகையே சட்டத்தில் கிடையாது. லைட்டர் விஷயத்தில் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை என்பது உண்மை. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடுகிறது என்று 2022-ல் தமிழக முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. உதிரி பாகங்கள் வழியாக உள்ளே வரும் பாதை திறந்தே இருந்ததால் 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை போட்டார்கள். எல்லாம் சரிதான். ஆனால் துறைமுகத்தில் போடும் தடை முதலாளியின் சரக்குக்குப் பாதுகாப்பு. வேலை போன பிறகு உங்கள் கணக்கில் அதனால் ஒரு ரூபாய் ஏறாது.

ஜவுளி ஆலைத் தொழிலாளர்களுக்கு மட்டும் ஒரு காலத்தில் தனி ஏற்பாடு இருந்தது. ஆலை மூடினால் முதல் வருடம் சம்பளத்தில் 75 சதவீதம், அடுத்த வருடம் 50, மூன்றாம் வருடம் 25 என்று 1986-லிருந்து மத்திய அரசு கொடுத்தது. 2017-ல் அதையும் இ.எஸ்.ஐ. திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். தீப்பெட்டிக்கு அப்படி எதுவும் எப்போதும் இருந்ததில்லை. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை வரிசையில் நின்று மனுக் கொடுத்தால் தொழிலாளர் துறைக்கு அனுப்பிவைப்பார்கள். அங்கே நேராகவே போகலாம்.

தோழி ஒருவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகை தருவார்கள் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது படித்துப் பதிவு செய்துவிட்டு ஐந்து வருடமாக வேலை கிடைக்காமல் இருப்பவர்களுக்கு. 40 வயதுக்குள் இருக்க வேண்டும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 45. உங்களுக்குப் பொருந்தாது, அதற்காக அலைய வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு மனம் விட்டுவிடாதீர்கள். இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று ஒளிந்திருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளி தன் வேலை போனதற்கு இறக்குமதிதான் காரணம் என்று நிலைநாட்ட வேண்டியிருந்தது. இங்கே அந்தச் சுமை உங்களுக்கு இல்லை. சைனா லைட்டரா, புதிதாக வாங்கிய இயந்திரமா, முதலாளி வீட்டுப் பாகப் பிரிவினையா, எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் தவறு ஏதும் இல்லாமல் அவர் உங்களை வேலையை விட்டு எடுத்தால் சட்டத்தில் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. அந்தப் பெயர் வந்துவிட்டால் பணமும் வரும். அந்தப் பெயர் வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஒற்றை வரித் தாள்.

இந்தத் தாளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வழக்கில் எதிர்த் தரப்பு வக்கீல் கட்டாகத் தூக்கி மேஜையில் வைத்தார். முப்பது ராஜினாமாக் கடிதங்கள், ஒரே தேதி, ஒரே எழுத்துப்பிழை. முப்பது பேருக்கும் ஒரே நாளில் ஒரே சொந்தக் காரணம்! அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கையெழுத்துகள் மிரட்டி வாங்கப்பட்டவை என்று நிரூபிப்பதற்குள் எங்களுக்கு நாலு வருடம் போயிற்று.

உங்களுக்கு வர வேண்டிய கணக்கு

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன. சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறியிருக்கின்றன, நான் சொல்லப்போகும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்குறைப்பு இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதச் சம்பளம் 10,400 என்றால் பாதி 5,200. கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் அதுவும் முழு வருடமாகச் சேரும். ஆகவே உங்கள் 19 வருடம் 8 மாதம் 20 வருடம். 5,200-ஐ 20-ஆல் பெருக்கினால் 1,04,000. இதற்கு மேல் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். தராமல் அனுப்பினால் அந்த மாதச் சம்பளம் 10,400.

அப்புறம் கிராஜுவிட்டி. பீஸ் ரேட்டுக்குக் கிடையாது என்று யார் கிளப்பிவிட்டதோ, இருபது வருடமாக இதே வதந்தியைக் கேட்கிறேன். உண்டு. கடைசி மூன்று மாதக் கூலியின் சராசரியில் ஒரு நாள் கூலியைக் கண்டுபிடிப்பார்கள். உங்களுக்கு 10,400-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 400. பதினைந்து நாளுக்கு 6,000. இருபது வருடத்துக்கு 1,20,000. ஐந்து வருடம் முடித்தவர் தானாகவே வேலையை விட்டாலும் இது கிடைக்கும்.

ஆக மொத்தம் 2,34,400 ரூபாய். உங்களிடம் நீட்டப்படுவது 40,000.

புதிய சட்டத்தில் மறுதிறன் நிதி என்று ஒன்றும் வந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்காக முதலாளி 15 நாள் சம்பளம் அதில் கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வருடத்துக்குப் பதினைந்து நாள் என்று நினைத்துவிடாதீர்கள், மொத்தமே பதினைந்து நாள்தான். ஐயாயிரத்துச் சொச்ச ரூபாயில் 47 வயதில் என்ன புதுத் தொழில் கற்றுக்கொள்வது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் மகன் பார்த்த வீடியோவுக்கு நம் சட்டத்தில் மிக அருகில் வருவது இதுதான், வந்தவரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. பதிவில் இருப்பது 11 வருடம்தான். முந்தைய எட்டு வருடச் சொச்சத்தை முதலாளி மறுக்கலாம், மறுப்பார். மழைக்காலத்தில் ஆபீஸ் ஓடாத நாட்களைக் காட்டி, ஒரு வருடம் கணக்கில் ஏறத் தேவையான 240 நாள் வேலை வரவில்லை என்றும் வாதாடலாம். ஞாயிறு போன்ற சம்பள விடுமுறைகளும் அந்த 240-இல் சேரும் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. பழைய வருடங்களுக்கு ஆதாரம் தேட வேண்டும்: வருகை அட்டை, தீபாவளி போனஸ் சீட்டு, கூடவே சேர்ந்து இன்னும் வேலையில் இருப்பவரின் சாட்சி. ஒரு அம்மாவுக்கு ஆயுத பூஜை அன்று ஆபீஸ் வாசலில் எல்லோரும் சேர்ந்து எடுத்த போட்டோ கைகொடுத்தது, பின்னால் சுவரில் வருடத்தோடு நாள்காட்டி தொங்கியது. எதுவுமே கிடைக்காமல் 11 வருடம் மட்டும் நின்றாலும் கணக்கு 1,33,600 வரும்.

மூடிவிடுவேன் என்ற மிரட்டல்

நஷ்டத்தில் மூடினால் ஒன்றும் தர வேண்டாம் என்பது தவறு. முதலாளியின் கட்டுப்பாட்டை மீறிய, தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் இழப்பீடு மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் போகாது என்று சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அவர் அரைகுறையாகக் கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். ஆனால் எவையெல்லாம் தவிர்க்க முடியாத காரணம் ஆகாது என்று அதன் கீழேயே எழுதியிருக்கிறார்கள். நிதி நெருக்கடியும் நஷ்டமும் ஆகாது. விற்காத சரக்குத் தேங்கிப்போனதும் ஆகாது. "குடோன்ல பண்டல் அப்படியே நிக்குது" என்று அவர் சொன்னாரே, அதையேதான் சட்டம் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. அவர் மூடினாலும் உங்களுக்கு இதே 15 நாள் கணக்குதான். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தை மூட 60 நாள் முன்பே அரசுக்கு அறிவிப்பும் கொடுக்க வேண்டும்.

ஆனால் அரசாங்கம் மூடவே விடாது என்றும் நம்பியிருக்காதீர்கள். முன் அனுமதி வாங்க வேண்டியது 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகள்தான். 80 பேர் உள்ள ஆபீசை அவர் மூட நினைத்தால் மூடலாம், பணத்தைக் கொடுத்துவிட்டு.

இ.எஸ்.ஐ. அட்டை ஆஸ்பத்திரிக்கு மட்டுமல்ல

மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் 78 ரூபாய் பிடித்தார்கள், முதலாளி 338 ரூபாய் போட்டார். அந்தப் பணத்தில் வேலையிழப்புக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பது நம் தொழிலாளர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று பெயர், 2005-லிருந்து இருக்கிறது. இரண்டு வருடமாவது சந்தா கட்டியவருக்கு ஆட்குறைப்பாலோ ஆலை மூடியதாலோ வேலை போனால், முதல் 12 மாதம் சராசரிக் கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. உங்களுக்கு மாதம் ஐயாயிரம் போல ஒரு வருடம், அதில் பாதி இன்னொரு வருடம். அந்தக் காலம் முழுக்க உங்களுக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும். இடையில் வேறு வேலை கிடைத்தால் உதவித்தொகை நின்றுவிடும்.

இந்தத் திட்டத்தில் தானாக விலகியவருக்கு இடம் இல்லை. 'சொந்தக் காரணம்' என்ற அந்த வரி முதலாளியிடம் வர வேண்டியதை மட்டுமல்ல, இந்த இரண்டு வருடத் தொகையையும் சேர்த்து அடைத்துவிடும். 40,000 வாங்கியவர்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று இன்னொன்றும் உண்டு. வாழ்நாளில் மொத்தம் 90 நாளுக்குப் பாதிக் கூலி. காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. உங்களுக்கு முதல் திட்டம்தான் லாபம்.

பி.எஃப். பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. பத்து வருடச் சேவை தாண்டிவிட்டதால் 58 வயதில் ஓய்வூதியம் உங்களுக்கு உறுதி. 50-லிருந்தே வாங்கலாம், ஆனால் வருடத்துக்கு நாலு சதவீதம் குறைப்பார்கள், அவசரப்பட வேண்டாம். வேலையை விட்ட காரணத்தை முதலாளி இணையத்தில் பதிவார். அங்கே ராஜினாமா என்று போட்டிருக்கிறாரா என்று மகனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி என்ன செய்யலாம்

தனியாகப் போகாதீர்கள். 30 பேரும் சேர்ந்து, முடியாவிட்டால் பத்துப் பேராவது, முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். "நாங்கள் விலகவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறோம், ஆட்குறைப்பு என்றால் சட்டப்படி அறிவிப்பும் இழப்பீடும் கிராஜுவிட்டியும் தாருங்கள்" என்று மூன்று வரி போதும். நகலைத் தொழிலாளர் உதவி ஆணையருக்கு அனுப்புங்கள். வாசலில் தடுத்துத் திருப்பி அனுப்பினால் அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள். சமரச அதிகாரியிடம் பிரச்சினையை எழுப்ப இரண்டு வருடம்தான் அவகாசம். முன்பு இதைவிடக் கூடுதலாக இருந்தது.

வழக்கா சமரசமா என்றால் என் யோசனை சமரசம்தான். சிறிய ஆபீஸ், வியாபாரம் உண்மையிலேயே படுத்திருக்கிறது. வழக்குப் போட்டு ஐந்து வருடம் கழித்துத் தீர்ப்பு வாங்கும்போது அவரிடம் கொடுக்கப் பணம் இல்லாமல் போகலாம். இரண்டே கால் லட்சத்தில் ஆரம்பித்து, இழப்பீட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தவணைக்குக்கூட ஒத்துக்கொண்டு முடிப்பதில் தவறில்லை. கிராஜுவிட்டியில் மட்டும் ஒரு ரூபாய்கூட விடாதீர்கள். அது தராவிட்டால் வட்டியோடு, நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்க மாவட்ட ஆட்சியருக்கே உத்தரவு போகும். நீங்கள் கேட்ட கலெக்டர் இங்கேதான் வருகிறார்.

எதில் ஒத்துக்கொண்டாலும் அதிகாரி முன்னால் வைத்து எழுதுங்கள். 'டுவெல்வ் த்ரீ' என்று சங்கத்துக்காரர்கள் சொல்வது அதைத்தான். பழைய சட்டத்தின் பிரிவு எண், சட்டம் போனாலும் பெயர் போகவில்லை. ஒப்பந்தத்தில் 'ஆட்குறைப்பு' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், இ.எஸ்.ஐ. தொகைக்கு அதுதான் சாவி. ஒரு வருடத்துக்குள் அவர் மறுபடி ஆள் எடுத்தால் முதலில் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சட்டத்தில் இருப்பதுதான், தாளில் இருந்தால் இன்னும் நல்லது.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் ஊருக்குரிய நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும்.

கையெழுத்துப் போட்ட அந்த இரண்டு பேரும் இன்றே ஒரு கடிதம் எழுதட்டும்: என்ன சொல்லி வாங்கினார்கள், எந்தத் தேதியில், ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று. எவ்வளவு சீக்கிரம் எழுதுகிறார்களோ அவ்வளவு நல்லது. பணம் வாங்கியிருந்தாலும் கிராஜுவிட்டி உரிமை போகாது.

பழைய அட்டைகளையும் சீட்டுகளையும் எடுத்து இரண்டு செட் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். நைந்துபோயிருக்கிறது என்று லேமினேட் செய்துவிடாதீர்கள், மை உண்மையா என்று பார்க்க முடியாமல் போகும். ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், என்னைப் போன்ற வக்கீல் கேட்டாலும்தான்.